இடைகழியில் இடம் கொடுத்தவர்





ஐப்பசி மாதத்தில் திருவோணம், அவிட்டம், சதயம் என்னும் மூன்று திருநக்ஷத்ரங்களும் அடுத்தடுத்து வருபவை. கச்சித் திருவெஃகாவில் தாமரையில் பொய்கையாழ்வாரும், கடல்மல்லையில் குருக்கத்தி மலரில் பூதத்தாழ்வாரும், மயிலையில் கிணற்றுச் செவ்வல்லியில் பேயாழ்வாரும் அவதரித்த நாள்கள் அவை. சென்னையில் இந்நாள்கள் பெரும்பாலும் மழையில்தான் கழிகின்றன. மயிலை ஆதிகேசவப் பெருமாள் ஸந்நிதியில் பேயாழ்வார் உத்ஸவம் ஸேவிக்கச் செல்பவர்கள் ஒரு கையில் குடையும் மறு கையில் செருப்புமாகத் தேங்கிய நீரில் நடந்து வருவதைப் பல ஆண்டுகளாகக் கண்டிருக்கிறோம். அருண்டேல் தெருவிலுள்ள அவதார ஸ்தலத்திற்கும் அவ்வாறே சென்று திரும்பியிருக்கிறோம். முதலாழ்வார்களை மழையின்றி நினைப்பதற்கில்லை. அவர்களை ஒன்று சேர்த்ததே ஒரு மழை இரவுதானே.

அவ்விரவில் தோன்றிய மூன்று திருவந்தாதிகளையும் அவற்றின் வ்யாக்யானங்களையும் பெரியோர்கள் விரிவாக ஸாதித்திருக்கிறார்கள். அவற்றைப் பற்றிப் பேச அடியோமுக்கு அதிகாரம் போதாது. வணிகவியல் படித்து வங்கியில் கணக்கெழுதிக் காலம் கழித்தவர்கள் நாம். ஆயினும் பாசுரங்கள் பிறப்பதற்கு முன்னால் அந்த வாசலில் நடந்ததை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு சிந்திக்க விரும்புகிறோம். இதற்கு எம் வாழ்வில் நேர்ந்த ஒரு காரணமும் உண்டு.

ஐதிஹ்யம் எல்லோரும் அறிந்ததே. தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூர். மழையும் இருளும் கூடிய இரவில், மிருகண்டு முனிவருடைய ஆச்ரமத்து இடைகழியில் பொய்கையார் ஒதுங்கிச் சயனித்திருந்தார். பூதத்தார் வந்தார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் இருக்கலாம் என்று எழுந்து அமர்ந்தார்கள். பேயார் வந்தார். இருவர் இருக்கும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று எழுந்து நின்றார்கள். மூவரும் எம்பெருமானுடைய குணங்களைப் பேசிக்கொண்டிருக்கையில், நான்காவதாக ஒருவர் உள்ளே புகுந்து நெருக்குவதை உணர்ந்தார்கள். உலகம் முழுவதையும் ஈரடியால் அளந்தவன், ஓரடி வைக்கவும் இடமில்லாத நடையில் வந்து நின்றான். அவன் யார் என்று காண்பதற்காகவே முதல் இருவரும் விளக்கேற்றினார்கள். மண்ணையும் கடலையும் கதிரவனையும் கொண்டு ஒருவர் ஏற்றினார். தம் அன்பையும் ஆர்வத்தையும் உருகிய உள்ளத்தையும் கொண்டு மற்றவர் ஏற்றினார். அவ்வொளியில் திருமகளோடு கூடிய திருமேனியைக் கண்டதாக மயிலையார் மொழிந்தார்.

இடைகழி என்னும் சொல்லைச் சற்றே பார்க்க வேண்டும். வாயிற்கதவுக்கும் கூடத்திற்கும் நடுவே உள்ள ஒடுங்கிய நடைக்கு அப்பெயர். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் ரேழி என்பது இதுவே. இடைகழி டேழியாகிப் பின் ரேழியானது என்பர். வடமொழியில் தேஹளீ. ஸ்வாமி தேசிகன் இவ்வூர் எம்பெருமானைத் தேஹளீசன் என்றே அழைத்து ஒரு ஸ்தோத்ரம் அருளியிருக்கிறார். ஆழ்வார்கள் மூவரும் அவனை நெருக்கியதைக் கரும்பாலையின் உருளைகள் கரும்பை நெருக்குவதாக அதில் காட்டுகிறார். வழிப்போக்கர் திண்ணையில் அமரலாம். உறவினர் கூடத்திற்கு வரலாம். ரேழியோ இரண்டிலும் சேராதது. செருப்பும் குடையும் கிடக்கும் இடம் அது. அங்கே எவரும் தங்குவதில்லை. (இன்றைய அடுக்ககங்களில் ரேழி இல்லை. வரைபடத்தில் 'ஃபாயர்' என்று எழுதி அதற்கும் சதுர அடிக் கணக்கில் விலை வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கடன் கோப்புகளைப் பார்த்த கண் என்பதால் இது உறுத்துகிறது.)

கணக்கர் கண்ணோடு பார்த்தால் அந்த இரவில் வேறொன்றும் தெரிகிறது. பொய்கையார் இருமுறை இழந்தார். படுக்கையையும் இழந்தார், இருக்கையையும் இழந்தார். பூதத்தார் இருக்கையை மட்டும் இழந்தார். பேயார் நின்றுகொண்டே வந்தார், நின்றார், இழந்தது ஏதுமில்லை. முதலில் வந்தவருக்கே செலவு மிகுதி. ஆயினும் கண்டேன் என்று சொல்லும் பேறு கடைசியில் வந்தவருக்கு வாய்த்தது. முன்னவர்கள் இதில் ஒரு குறையும் காணவில்லை.

மேலும், மூவரும் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள். ஊரும் பேரும் குலமும் கேட்டறிந்த பின் இடம் கொடுத்ததாக ஐதிஹ்யம் சொல்லவில்லை. இடம் முதலில் வந்தது. அறிமுகம் பின்னால் வந்தது.

இவற்றைக் காட்டிலும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. அந்த இடைகழி பொய்கையாருடையது அன்று. அவரும் அங்கே ஒதுங்க வந்தவரே. தமக்கு உரிமையில்லாத இடத்தைத்தான் அவர் பிறரோடு பகிர்ந்தார். "இது என்னுடைய இடம் அல்லவே, உம்மை உள்ளே விட எனக்கு என்ன அதிகாரம்" என்று அவர் சொல்லியிருந்தால், சொல்லளவில் அதில் பிழை காண முடியாது. இது பல ஆண்டுகள் அடியோமுக்குப் புலப்படவில்லை. புலப்படுத்தியவர் நந்தனத்தில் துணி தேய்த்துப் பிழைக்கும் ஒருவர்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. சென்னைவாசிகளுக்கு இத்தேதியை விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறோம். நவம்பர் முழுதும் பெய்து ஏரிகள் நிறைந்திருந்த நிலையில் அன்று இடைவிடாது கொட்டியது. இரவில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை கடந்து சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. விமான நிலையம் மூடப்பட்டது. 1878இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ் மறுநாள் சென்னையில் வெளிவரவில்லை. அதன் வரலாற்றில் அதுவே முதல் முறை என்றார்கள்.

அடியோம் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்த காலம் அது. எம் மனையாளின் தமக்கை தியாகராய நகரில் இருக்கிறார். அவருக்கு உடல்நலம் சரியில்லை என்று பார்க்கச் சென்றோம். மாலையில் அடையாற்றிலுள்ள எம் இல்லத்திற்குத் திரும்ப ஓர் ஆட்டோ கிடைத்தது. நந்தனத்தைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. ஓட்டுநர் இயன்ற மட்டும் முயன்றார். பிறகு, "சார், இதுக்கு மேல வண்டி போகாது, பாலத்துப் பக்கம் தண்ணி ஏறுதாம்" என்று சொல்லி, வாடகை கூட வாங்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினார். மின்சாரம் இல்லை. கைபேசியில் தொடர்பு இல்லை. நீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. எம் மனையாளுக்கு மூட்டுவலி. ஒரு காலை எடுத்து மறு காலை வைக்க எம் தோளைப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வழியில் இருந்த அடுக்ககங்களின் இரும்புக் கதவுகள் பூட்டியிருந்தன. இரண்டு இடங்களில் தட்டினோம். ஓரிடத்தில் மாடியிலிருந்து கைவிளக்கின் ஒளி எம் மீது விழுந்து, பின் அணைந்தது. அவர்களைக் குறை சொல்லும் தகுதி எமக்கு இல்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

சற்றுத் தள்ளி, பழைய மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே மெழுகுவத்தி எரிந்தது. அங்கே துணி தேய்க்கும் மேசை. தேய்ப்பவரும் அவர் மனைவியும் எட்டு வயது மதிக்கத்தக்க பையனும் அந்தப் படியடியிலேயே இருந்தார்கள். நாம் கேட்பதற்கு முன்பே அவர், "ஐயா, உள்ள வாங்க, அம்மா நடுங்கறாங்க பாருங்க" என்று அழைத்தார். மேசை மேல் படுத்திருந்த பையனை எழுப்பி மடியில் வைத்துக்கொண்டு எம் மனையாளை அதில் அமரச் செய்தார்கள். தேய்ப்புப் பெட்டியில் கரி இன்னும் கனன்றுகொண்டிருந்தது. அதைத் திறந்து அவர் பாதங்களுக்கு அருகே வைத்தார் அந்த அம்மாள்.

பிறகு நடந்ததுதான் அடியோமைக் கலக்கியது. தேய்த்து மடித்து, மறுநாள் வீடுகளில் கொடுப்பதற்காகத் துணிமூட்டை ஒன்று உயரத்தில் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. அவர் அதை அவிழ்த்து, வெள்ளைப் பருத்திப் போர்வை ஒன்றை எடுத்து எம் மனையாளிடம் கொடுத்தார். எமக்கும் ஒரு வேட்டி. அது வேறொருவர் வீட்டுத் துணி. முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் பொருளைக் காத்தே சம்பளம் வாங்கிய எமக்கு அதை வாங்கக் கை வரவில்லை. "இது உங்களுடையது இல்லையே அப்பா, அவர்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்றோம். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "மூணாவது மாடி அம்மாவோடதுங்க. அவங்க இங்க இருந்தா அவங்களே குடுத்திருப்பாங்க. தண்ணி வடிஞ்சதும் தோச்சுத் தேய்ச்சுக் குடுத்துருவேன், காசு வாங்க மாட்டேன். சொல்லியும் குடுத்துருவேன்" என்றார்.

இந்த விடையை அடியோம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். பிறர் பொருளை எடுத்துக் கொடுத்துத் தாம் பெயர் வாங்குபவர் உண்டு. அவர் செய்தது அது அன்று. துணியின் உடையவர் இருந்தால் என்ன செய்திருப்பார் என்று எண்ணிக் கொடுத்தார். அதனால் வரும் சோப்பும் கரியும் உழைப்பும் தம் கணக்கில் வைத்துக்கொண்டார். மறைக்கவும் எண்ணவில்லை. ஆச்ரமத்து முனிவரின் இடைகழியைப் பகிர்ந்த பொய்கையாரும் அந்த முனிவருடைய திருவுள்ளத்தை இவ்வாறே கொண்டிருப்பார் என்று தோன்றுகிறது. செலவை அவரும் தம் தலையில்தானே ஏற்றார்.

பத்து மணிக்கு நீர் படியடிக்கும் வந்துவிட்டது. மேசையைப் படிகளில் சாய்த்துவிட்டு எல்லோரும் முதல் மாடித் திருப்பத்தில் நின்றோம். மேலும் இருவர் வந்து சேர்ந்தார்கள். ஏழு பேர், உட்கார இடமில்லை. அவருடைய கரி மூட்டை நனைந்து போயிற்று. அதை அவர் ஒருமுறை எட்டிப் பார்த்தார், ஏதும் சொல்லவில்லை. விடியும் வரை நின்றிருந்தோம்.

எம்மிடம் இதைக் கேட்ட சிலர், "பெருமாளே அந்த ரூபத்தில் வந்தார்" என்று கைகூப்பினார்கள். பக்தியால் சொல்கிறார்கள், அறிவோம். ஆனால் அடியோமுக்கு அதில் உடன்பாடு இல்லை. எம்பெருமானுக்குக் கரி நனைந்தால் என்ன குறைவு? பையனின் உறக்கம் கெட்டால் என்ன இழப்பு? மறுவாரம் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வது என்று அறியாத ஒரு மனிதர் செய்தது அது. அவரைப் பெருமாள் ஆக்கிவிட்டால் அவர் செலவழித்தது கணக்கிலிருந்து மறைந்துபோகும்.

இனி எம் கணக்கு. 1990களில், தியாகராய நகரில் ஒரு கிளையில் உதவி மேலாளராக இருந்தோம். கார்த்திகை மழை. வேலை நேரம் முடிந்து, இரும்புக் கதவு பாதி இறக்கப்பட்டு, உள்ளே பணம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். வயதான பெண் ஒருவர் கைக்குழந்தையுடன் வாசற்படியில் நின்று, மழை விடும் வரை உள்ளே ஓரமாக நிற்கலாமா என்று கேட்டார். காவலர் எம் முகத்தைப் பார்த்தார். வாடிக்கையாளர் அல்லாதவரை அந்நேரத்தில் அனுமதிக்க விதி இல்லை என்றோம். இடம் எம்முடையது அல்ல என்றும், எமக்கு அதிகாரமில்லை என்றும் சேர்த்துச் சொன்னோம். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. புடைவைத் தலைப்பைக் குழந்தையின் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். விதிப்படி நாம் செய்தது சரியே. எந்தத் தணிக்கையாளரும் குறை எழுதியிருக்க மாட்டார். ஆனால் உள்கூடத்திற்கும் வெளிக்கதவுக்கும் நடுவே, பணத்திற்குத் தொடர்பில்லாத, நாலு பேர் நிற்கக்கூடிய நடை ஒன்று அங்கே இருந்தது. காவலரையும் உடன் நிறுத்தியிருக்கலாம். அந்த நடை அன்று எம் கண்ணில் படவில்லை. நந்தனத்துப் படித் திருப்பத்தில் நின்றபோதுதான் பட்டது.

வழியில் அறியாதவரால் காக்கப்பட்ட செய்திகள் நம் குருபரம்பரையில் வேறும் உண்டு. கொங்கு நாடு வழியாக மேல்நாட்டுக்கு எழுந்தருளுகையில் எம்பெருமானாருடைய கோஷ்டிக்கு வேடர்கள் தேனும் தினைமாவும் கொடுத்துப் பசி தீர்த்தது ஒன்று. அதற்கும் முன்னால், இளையாழ்வாராக இருந்த காலத்தில் நடந்தது மற்றொன்று. யாதவப்ரகாசருடைய யாத்திரையில் தமக்கு நேரவிருந்த தீங்கைக் கோவிந்தரிடமிருந்து அறிந்து, விந்தியக் காட்டில் அவர் தனியே விலகினார். வேடர் ஒருவரும் வேடுவச்சியும் துணையாக வந்தார்கள். விடியற்காலையில் ஒரு கிணற்றருகே வேடுவச்சி தாகம் என்றாள். இளையாழ்வார் இறங்கி நீர் முகந்து கொடுத்தார். மீண்டும் முகந்து வந்தபோது அவர்களைக் காணவில்லை; எதிரே கச்சியின் புண்யகோடி விமானம் தெரிந்தது. வந்தவர்கள் பேரருளாளனும் பெருந்தேவித் தாயாருமே என்று பெரியோர் ஸாதிப்பர். அந்தச் சாலைக் கிணற்றிலிருந்து பெருமாளுக்குத் தீர்த்தம் கொண்டுவரும் கைங்கர்யத்தை, திருக்கச்சிநம்பிகள் வழிகாட்ட, இளையாழ்வார் மேற்கொண்டார்.

காட்டைக் கடத்திவிட்ட உபகாரத்தைவிட, தாகம் என்று கேட்டதை அடியோம் பெரிய உபகாரமாக நினைக்கிறோம். கேட்டிருக்காவிட்டால் இளையாழ்வார் பெற்றுக்கொண்டவராகவே நின்றிருப்பார்.

வெள்ளம் வடிந்து பத்து நாள் கழித்து, ஓர் உறையில் பணமும் பையனுக்குச் சட்டையும் எடுத்துக்கொண்டு நந்தனம் சென்றோம். மேசை இடத்தில் இருந்தது. கம்பியில் அந்த வெள்ளைப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. சேற்றுக்கறை போகவில்லை என்று இரண்டாம் முறை துவைத்திருக்கிறார். சட்டையை அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார். உறையை அவர் தொடவில்லை. வற்புறுத்தினோம். அவர் முகம் வாடியதைக் கண்டு நிறுத்திக்கொண்டோம். சிறிது நேரம் இருவரும் பேசாமல் நின்றோம். பிறகு அவரே தயங்கி, "ஐயா பேங்க்ல இருக்கறதா அன்னிக்கு அம்மா சொன்னாங்க" என்று தகரப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். நனைந்து ஏடுகள் ஒட்டிப்போன சேமிப்புக் கணக்குப் புத்தகம். வேறொரு வங்கியுடையது. இரண்டு முறை சென்றும் வரிசையில் நின்று திரும்பிவிட்டாராம். என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று தெரியவில்லையாம்.

அவருடைய மேசையிலேயே, தேய்ப்புத் துணியை ஒதுக்கிவிட்டு, மாற்றுப் புத்தகம் கோரும் விண்ணப்பத்தை எழுதினோம். கணக்கு எண்ணில் இரண்டு இலக்கங்கள் கலைந்திருந்தன. மெழுகுவத்தி ஒளியில் பிடித்துப் பார்க்கத் தெரிந்தன. மறுநாள் காலை அவருடன் அந்த வங்கிக்குச் சென்று வரிசையில் நின்றோம். கூட்டம் மிகுதி. அவர் முன்னால், நாம் பின்னால். கதவருகே எமக்குப் பின் வந்த முதியவர் ஒருவர் வெயிலில் நிற்பதைப் பார்த்து அவர் ஓரடி முன்னே நகர்ந்தார், நாமும் நகர்ந்தோம்.

அடியோம்
ராமாநுஜ தாஸர்கள்